‘எந்த ட்ரேடாக இருந்தாலும் பரவாயில்லை’ என்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் தொழிற்பயிற்சி நிலையங்களை (ஐடிஐ) நிர்வகிக்கும் உயர் அலுவலர்களுக்கும், நிலைய மேலாண்மைக் குழுக்களில் இடம்பெற்றிருக்கும் ஆலை நிர்வாகிகளுக்கும்,

“இந்தப் பசங்களுக்கு ட்ரேடில் நிற்கப் பொறுமை இல்லை. ரெண்டு வருஷம் அரசாங்கம் செலவு பண்ணிச் சொல்லிக்கொடுக்குது. சர்டிபிகேட்டை வாங்கிட்டு சாப்பாடு டெலிவரிக்குப் போயிடறாங்க.” சான்றிதழ் வழங்கும் விழா மேடையில் உங்களில் ஒருவர் சொன்னது இது. அதே மேடையில், லேத்தில் உலோகத்தைக் கடையும் வேலையைக் கற்றுத்தரும் டர்னர் பிரிவின் இரண்டாவது யூனிட்டுக்கு வரும் ஆண்டு சேர்க்கை கிடையாது என்றும் அறிவித்தீர்கள். படித்தவர்கள் படித்த வேலையில் நிற்கவில்லை, ஆகவே அந்தப் படிப்பு தேவையில்லை என்பது உங்கள் கணக்கு. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிரிவில் இருபத்தாறு வருடம் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகளின் நல்ல நாளில், பெற்றோர் முன்னால் சச்சரவு வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு இரண்டு நாள் தூக்கம் பிடிக்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில், நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். என் கடைசி பேட்ச்சின் வருகை நோட்டை எடுத்தேன். இருபது பேர். போன் நம்பர் மாறாமல் இருந்து, கூப்பிட்டதும் எடுத்தவர்கள் பதினான்கு பேர். லேத்திலோ கணினி வழி இயங்கும் சிஎன்சி மெஷினிலோ இன்று நிற்பவர்கள் அதில் மூன்று பேர்தான். இருவர் டெலிவரி, இருவர் வாடகை வண்டி ஓட்டுகிறார்கள், ஒருவன் ஜவுளிக் கடை, ஒருவன் சுங்கச்சாவடி, ஒருவன் மாமாவோடு பந்தல் போடுகிறான். மிச்சம் நான்கு பேர் ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளிகளாக, டர்னர் வேலைக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாத உற்பத்தி லைன்களில் நிற்கிறார்கள்.

அந்தப் பதினோரு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: “டர்னர் வேலையை எப்போடா விட்டே?” ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். “விடலை சார். அந்த வேலைக்கே போகலையே.”

மேடையில் பேசியவர் இந்தப் பதிலைக் கேட்டிருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன். அவர்கள் எங்கே போனார்கள் என்பதை நீங்கள் பார்த்தீர்கள். எந்த வாசலில் திருப்பிவிடப்பட்டார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வாசல் நம் நிலையத்துக்கு உள்ளேயேதான் இருக்கிறது.

ஆலைகள் நிலையத்துக்கே வந்து ஆள் எடுக்கும் ‘கேம்பஸ்’ நடக்கும் நாளைச் சொல்கிறேன். காலை ஒன்பதரைக்கு ஆலையிலிருந்து மனிதவளப் பிரிவுக்காரர்கள் இருவர் வருவார்கள். சில நேரம் ஆலையிலிருந்துகூட இல்லை, ஆள் சேர்த்துத் தரும் ஏஜென்சியிலிருந்து. முதல்வர் அறையில் டீ குடித்துவிட்டு வகுப்புக்கு வந்ததும் அவர்கள் சொல்லும் முதல் வாக்கியம்: “எந்த ட்ரேடா இருந்தாலும் பரவாயில்லை. வயசு பதினெட்டு ஆகியிருக்கணும், அவ்வளவுதான்.” ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீசியன், கம்ப்யூட்டர் ஆபரேட்டர் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். எடை பார்ப்பார்கள், நிறக்குருடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், எட்டு மணி நேரம் நிற்க முடியுமா என்று கேட்பார்கள். லேத்தில் என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு முறை, பையன்கள் செய்த ஜாப்களை மேசையில் பரப்பி வைத்திருந்தேன். டேப்பர் டர்னிங், நர்லிங், வெளித்திரெட், உள்திரெட் எல்லாம். ஒவ்வொன்றின் முகத்திலும் செய்தவனின் ரோல் நம்பர் பஞ்ச் அடித்திருந்தது. வந்தவர்கள் அந்த மேசையில் பையை வைப்பதற்காக ஜாப்களை ஓரமாகத் தள்ளினார்கள்.

அந்த பேட்ச்சில் எல்லோரையும்விடக் கை சுத்தமான பையன் ஒருவன் இருந்தான். அப்பா செங்கல் சூளையில் வேலை. முதல் மூன்று மாதம் டூல் கிரைண்டிங்கே வரவில்லை அவனுக்கு. லேத்தில் உலோகத்தை வெட்டும் எச்எஸ்எஸ் பிட்டைக் கிரைண்டரில் பிடித்தால் முனை நீலம் பாய்ந்துவிடும். விடாமல் சாயங்காலமும் நின்று பழகினான். இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் அவன் வெட்டிய ஒரு வீ-திரெட்டை (வீ வடிவ மரையை) என்னால் மறக்க முடியாது. கடைசி கட் முடிந்ததும் மெஷினை நிறுத்திவிட்டு, கடையில் வாங்கிய நட்டை எடுத்து விரல் நுனியால் ஒரு சுண்டு சுண்டினான். நட்டு தானாகச் சுழன்று கழுத்து வரை போய் நின்றது. ஆட்டமும் இல்லை, இறுக்கமும் இல்லை. பதினெட்டு வயதுப் பையன். சிரிக்கக்கூட இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவனை எடுத்தது ஒரு பெரிய ஆலை. ஓராண்டுப் பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சி. நானே வாழ்த்தி அனுப்பினேன். ஆறு மாதம் கழித்துத் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவனிடம் என்ன மெஷின் என்று கேட்டேன். “மெஷின் இல்ல சார், லைன். பேனல் வரும், டார்க் கன்னால நாலு போல்ட் டைட் பண்ணணும், அடுத்த பேனல் வரும்” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த போல்ட்டை நான் செய்வேன் சார். அங்க டைட் மட்டும்தான் பண்ணச் சொல்றாங்க” என்றான். அவன் குறையாகச் சொல்லவில்லை. நடப்பதைச் சொன்னான். எனக்குத்தான் பதில் வரவில்லை.

பன்னிரண்டாவது மாதம் முடிந்ததும் வெளியே அனுப்பிவிட்டார்கள். அடுத்த பேட்ச் வந்துவிட்டது. நான் சொல்லி ஒரு லேத் பட்டறைக்குப் போனான். பட்டறைக்காரர் நல்லவர், எனக்குத் தெரிந்தவர். ஒரு வெண்கல புஷ்ஷைக் கொடுத்து, உள்துளையை அளவுக்குக் கடைந்து போர் செய்யச் சொன்னார். கடைசி கட்டில் அளவு மிஞ்சிப்போனது. போரில் கூடுதலாக எடுத்ததைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது, புஷ் வீண். “டயல்ல பேக்லாஷ் எடுக்க மறந்துட்டேன் சார்” என்று என்னிடம் வந்து சொன்னபோது அவன் குரல் உடைந்திருந்தது. திருகில் இருக்கும் தளர்வைத்தான் பேக்லாஷ் என்போம்; அதை எடுப்பது இரண்டாம் மாதத்தில் சொல்லிக்கொடுக்கும் பாடம். கைப்பிடியை ஒரு சுற்றுப் பின்னால் வாங்கி, பிறகு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். யோசித்துச் செய்கிற காரியமில்லை, கை தானாகச் செய்ய வேண்டும். பட்டறைக்காரர் கோபப்படவில்லை. “ஒரு வருஷமா என்ன தம்பி பண்ணிட்டு இருந்தே?” என்று மட்டும் கேட்டாராம். ஹெல்பராக இருந்துகொள், மாதம் பன்னிரண்டாயிரம், கை வந்ததும் பார்க்கலாம் என்றார். தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. பையன் நண்பனின் பைக்கை வாங்கிக்கொண்டு டெலிவரிக்குப் போனான். அன்றன்றைக்குக் காசு கையில் வருகிறது.

ஐயா, பொறுமை இல்லாதவன் என்று நீங்கள் சொன்னது இவனைத்தான்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டு வருடத்தில் நாங்கள் டர்னரை உருவாக்கிவிடுவதில்லை. டர்னராவதற்கு வேண்டிய கையைக் கொடுக்கிறோம். அந்தக் கை படிவது அடுத்த ஒரு வருடத்தில், உண்மையான ஜாப், உண்மையான கெடு, உண்மையான கழிவுக்கணக்கு உள்ள இடத்தில். 1961ஆம் ஆண்டு பழகுநர் சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் இதை அறிந்துதான் கொண்டுவந்தார்கள். அந்த ஒரு வருடத்தை வேறு வேலையில் கழித்தவன், அதற்கு முந்தைய இரண்டு வருடத்தையும் சேர்த்து இழக்கிறான். இதை இருபத்தாறு வருடம் பார்த்துச் சொல்கிறேன்.

சட்டத்தைப் பற்றிப் பேசுவதால், அதையும் கொஞ்சம் திறந்து பார்ப்போம். பழகுநர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல என்கிறது 18ஆம் பிரிவு. பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பது பற்றி ஆலையே தன் கொள்கையை வகுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாடு 1981இல் சட்டம் இயற்றியது. ஆனால் தொழிலாளியே அல்ல என்று எழுதப்பட்டவன் லைனில் நின்ற நாள்கள் எந்தக் கணக்கில் ஏறும்? ஐடிஐ முடித்த பழகுநருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய் என்று 2019 விதிகள் நிர்ணயித்தன. தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் இதில் கால் பங்கு, அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை, அரசே ஏற்கிறது. பல ஆலைகள் 7,000க்கு மேலும் தருகின்றன, அதை மறைக்கவில்லை. ஆனாலும் ஒரு நிரந்தரத் தொழிலாளியின் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட அது வராது. ஆண்டுதோறும் புது பேட்ச், ஆண்டுதோறும் அதே லைன். இந்த ஏற்பாட்டில் ட்ரேடு எதற்கு? அதனால்தான் எந்த ட்ரேடாக இருந்தாலும் பரவாயில்லை என்கிறார்கள்.

அதே சட்டத்தின் 30ஆம் பிரிவையும் படித்துப் பாருங்கள். பயிற்சிக்குத் தொடர்பில்லாத வேலையில் பழகுநரை ஈடுபடுத்துவது குற்றம் என்று அதில் எழுதியிருக்கிறது. முன்பு அதற்குச் சிறைத் தண்டனைகூட உண்டு. 2014 திருத்தத்தில் சிறை போய் 1,000 ரூபாய் அபராதம் ஆனது. அதே திருத்தத்தில், ஆலைகளே தங்களுக்கு வேண்டிய ‘விருப்பத் தொழிற்பிரிவு’களை வகுத்துக்கொள்ளலாம் என்றும் ஆனது. அந்த வழியில் லைன் வேலையே ஒரு பயிற்சியாகிவிடுகிறது. இரண்டு வருடம் டர்னர் படித்தவனை ‘அசெம்பிளி ஆபரேட்டர்’ பழகுநராகப் பதிவு செய்தால், காகிதத்தில் எந்தத் தவறும் இருக்காது. ஒப்பந்தத்தில் எந்தத் தொழிற்பிரிவு என்று போட்டிருக்கிறது என்பதை என் மாணவர்கள் எல்லோருமே படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் படித்துக் காட்டாதது என் தவறும்தான். அதை ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது உங்கள் பதிவேடு. பணியில் இருந்த கடைசி நான்கு வருடம் ‘வேலைவாய்ப்பு பெற்றோர் விவரம்’ படிவத்தை நிரப்பியவன் நான். பெயர், தொழிற்பிரிவு, நிறுவனம், சேர்ந்த தேதி, ஊதியம். என்ன வேலை செய்கிறான் என்று எழுத அதில் இடமே இல்லை. ஒரு வருடம் கழித்து எங்கே இருக்கிறான் என்று கேட்கும் இன்னொரு படிவமும் வந்ததில்லை. டார்க் கன் பிடித்தவனும், லேத்தில் நிற்பவனும், பதினெட்டாம் நாளே ஓடிவந்தவனும் அதில் ஒன்றுதான். அந்தப் படிவத்தை வைத்துத்தான் விழா மண்டபத்தில் பச்சை நிறத்தில் பெரிய வரைபடம் ஒட்டியிருந்தார்கள். எல்லோருக்கும் வேலை கிடைத்துவிட்டது என்று சுவர் சொல்கிறது. யாரும் ட்ரேடில் நிற்பதில்லை என்று மேடை சொல்கிறது. இரண்டும் ஒரே பிள்ளைகளைப் பற்றி. இரண்டுக்கும் நடுவில் அவர்களுக்கு என்ன நடந்தது என்பது உங்கள் எந்தக் கோப்பிலும் இல்லை.

எலக்ட்ரீசியன் பிரிவில் படித்த ஒரு பெண்ணையும் சொல்லியாக வேண்டும். செய்யாறு பக்கம் ஒரு கிராமம். மோட்டார் வைண்டிங்கில் அந்த ஆண்டு அவளுக்கு ஈடு யாரும் இல்லை. என் பிரிவு இல்லையென்றாலும் நிலையம் முழுக்கத் தெரியும். நிலையத்து மோட்டார் ஒன்று புகைந்தபோது அவளும் அவளது பயிற்றுநரும்தான் பிரித்துச் சுற்றினார்கள். கேம்பஸில் அவளை போன் பாகங்கள் கோக்கும் வேலைக்கு எடுத்தார்கள், விடுதியோடு. பராமரிப்புப் பிரிவில் போடுங்கள் என்று அவள் கேட்டதற்கு, “அங்க ஜென்ட்ஸ்தான்மா” என்று சொல்லிவிட்டார்கள். ஒன்றரை வருடத்தில் ஊர் திரும்பினாள். இப்போது ஊருக்கு அருகே ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள். அவள் வீட்டைச் சுற்றி எத்தனை பம்பு செட்! ஒவ்வொரு கோடையிலும் காயில் எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ஊர்க்காரர்கள் நகரத்துக்குப் போகிறார்கள்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 71 அரசு நிலையங்களை ஏறத்தாழ 2,877 கோடி ரூபாயில் நவீனத் தொழில்நுட்ப மையங்களாக மாற்றியது பெரிய காரியம். பழைய லேத்தில் பெல்ட்டுக்குச் சாக்குத் துண்டு கட்டி ஓட்டிய எனக்கு, ரோபோ கையும் சிஎன்சியும் உள்ள பணிமனையைப் பார்த்தபோது கண் நிறைந்தது. கட்டணமில்லாப் பயிற்சி, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், அதற்கு மேல் அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய். இவை இல்லையென்றால் செங்கல் சூளைக்காரர் மகன் உள்ளேயே வந்திருக்க மாட்டான். இவ்வளவையும் கொட்டி ஒரு பிள்ளையை மெஷின் முன்னால் நிறுத்திவிட்டு, வெளியே வரும் நாளில் எந்த ட்ரேடானாலும் சரி என்பவரிடம் கையைப் பிடித்து ஒப்படைக்கிறோம். என்னால் தாங்க முடியாதது இதுதான்.

இன்னொன்றும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிடிக்காமல் போகிறவர்களும் உண்டு. சுங்கச்சாவடியில் இருக்கும் பையன், “எனக்கு லேத் சத்தமே ஆகாது சார், அப்பா சொன்னாருன்னு சேர்ந்தேன்” என்றான். அவன் போனதில் எனக்கு வருத்தமில்லை. நான் பேசுவது நிற்க ஆசைப்பட்டும் நிற்க இடம் கிடைக்காதவர்களைப் பற்றி. ஆலை நிர்வாகிகளே, உங்களில் சிலரே கூட்டங்களில் நல்ல டர்னர் கிடைப்பதில்லை, வடமாநிலத்திலிருந்து ஆள் கொண்டுவர வேண்டியிருக்கிறது என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உங்கள் வாசலுக்கு உள்ளே, உங்கள் லைனில், போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தவன் டர்னர்தான். யாரும் கேட்கவில்லை.

ஆகவே நான் கேட்பது இவை.

டர்னர் இரண்டாவது யூனிட்டுக்கான சேர்க்கையை நிறுத்தும் முடிவை இந்த ஆண்டு தள்ளிவையுங்கள். கடந்த ஐந்து பேட்ச்களைக் கூப்பிட்டு, ‘எந்த வேலையில் இருக்கிறாய், ட்ரேடு வேலை எப்போதாவது கிடைத்ததா’ என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். பதிலைப் பார்த்தபிறகு முடிவெடுங்கள். போன் செய்ய ஆள் இல்லையென்றால் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறோம், சம்பளம் வேண்டாம்.

கேம்பஸுக்கு வரும் நிறுவனம், எந்தத் தொழிற்பிரிவுக்கு எத்தனை பேர், எந்தப் பிரிவில் எந்த மெஷினில் நிற்க வைப்பார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகே வகுப்பறைக்குள் விடுங்கள். ‘எந்த ட்ரேடும்’ என்று எழுதிய தாளை நம் அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள். லைன் வேலைக்குத்தான் ஆள் வேண்டுமென்றால் அதைத் தனியாக, அதன் பெயரிலேயே சொல்லட்டும். விரும்புகிறவன் தெரிந்து போகட்டும். பழகுநர் ஒப்பந்தத்தில் அவனுடைய தொழிற்பிரிவுதான் இருக்கிறதா என்று அவனுடைய பயிற்றுநர் படித்துப் பார்த்த பிறகே அவன் கையெழுத்துப் போட வேண்டும்.

பழகுநர் பயிற்சி நடக்கும் ஆலைக்கு ஆய்வுக்குப் போகும் அலுவலர், அலுவலக அறையில் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல் பையன் நிற்கும் இடத்துக்குப் போக வேண்டும். கூடவே அந்தப் பிரிவின் பயிற்றுநர் ஒருவரையும் அழைத்துப் போங்கள். பையன் முன்னால் இருப்பது லேத்தா, கன்வேயரா என்பதைப் பார்க்க அரை நிமிடம் போதும். தொடர்பில்லாத வேலையில் வைத்திருந்தால் 30ஆம் பிரிவைப் பயன்படுத்துங்கள். இரண்டாவது முறையும் அப்படியென்றால் அந்த நிறுவனத்துக்கு அடுத்த மூன்று வருடம் கேம்பஸ் கிடையாது என்று அறிவியுங்கள். அபராதத்தைவிட அதற்கு அவர்கள் பயப்படுவார்கள்.

வேலைவாய்ப்புப் படிவத்தில் ‘செய்யும் வேலை’ என்று ஒரு பத்தி சேருங்கள். ஓராண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் மறுபடி நிரப்பச் சொல்லுங்கள். அந்த விவரத்தைப் பிரிவு வாரியாகச் சேர்க்கை நாளன்று வாசலில் ஒட்டுங்கள். பிள்ளையைச் சேர்க்க வரும் தாய் தகப்பன் அதைப் படித்துவிட்டுப் பிரிவைத் தேர்ந்தெடுக்கட்டும்.

லைனில் ஒரு வருடத்தை இழந்துவிட்டு வந்தவர்களுக்கு, சாயங்காலமும் சனிக்கிழமையும் நம் பணிமனையைத் திறந்துவிடுங்கள். மூன்று மாதம் போதும், கை திரும்பிவிடும். புது மெஷின்கள் ஐந்து மணிக்கு மேல் உறை போட்டுத்தானே நிற்கின்றன. மூலப்பொருளுக்கும் டூலுக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். டூலின் வெட்டுமுனையான இன்சர்ட் உடைந்தால் விளக்கம் எழுத வேண்டுமே என்று பயந்து பயிற்றுநர் மெஷினைத் தொடவிடாத நிலை வரக்கூடாது.

மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஆலைக்காரர்களிடம் தனியாக ஒன்று. பராமரிப்புப் பிரிவிலும் டூல் ரூமிலும் ஒவ்வோர் ஆண்டும் சில இடங்களை நம் நிலையத்துப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள், பெண்களுக்கும் சேர்த்து. ஹெல்பருக்கும் ட்ரேடு தெரிந்தவனுக்கும் சம்பளத்தில் வித்தியாசம் வையுங்கள்.

கடைசியாக, மேடையில் பேசிய அலுவலருக்கு. அந்த வீ-திரெட் வெட்டிய பையனிடம் கேட்டுவிட்டேன், உங்களுடன் பேசத் தயாராக இருக்கிறான். பகல் மூன்று மணிக்கு மேல் ஆர்டர் குறைவாக இருக்குமாம், அப்போது கூப்பிடச் சொன்னான். நம்பர் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
டர்னர் பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவன்